விலை இறங்கும் நேரத்தில் வீடு: கேட்டவர்களுக்குப் பதில்

(பதில் சொல்பவர், வங்கியின் வீட்டுக்கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர்.)

ஆரையம்பதியிலிருந்து: அக்கா, காணி விலை இறங்குது என்கிறார்கள். இன்னும் பொறுத்துப் பார்க்கலாமா?

நம்ம பக்கம் கேட்கிற விலை லேசில் இறங்காது, தம்பி. ஆள் வராவிட்டால் விற்காமல் வைத்திருப்பார்கள். மகளுக்குச் சீதனமாக வைத்த வளவென்றால் அவசரமே இல்லை. அதனால் அண்மையில் விற்றவரிடமும் அயலவரிடமும் கைமாறிய தொகையை விசாரியுங்கள். உறுதியில் (காணிப் பத்திரத்தில்) எழுதிய தொகையை மட்டும் நம்பாதீர்கள், முத்திரை வரிக்காகக் குறைத்து எழுதுவோர் உண்டு. 2022 செப்டம்பரில் இலங்கையில் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 சதவீதம். அப்போது பழைய விலைக்கே விற்றவர் உண்மையில் நிறையக் குறைத்துத்தான் விற்றார்.

கல்முனையிலிருந்து: வட்டி கூடினால் விலை குறையும், வட்டி குறைந்தால் விலை ஏறும். எந்த நேரத்தில் வாங்குவது?

லோன் எடுப்பவர் விலையை விட வட்டியைத்தான் பார்க்க வேண்டும். 50 இலட்சம், 15 வருடம் என்று வையுங்கள். 18 சதவீத வட்டிக்கு மாதத் தவணை ஏறக்குறைய 80,500 ரூபா. 12 சதவீதத்துக்கு 60,000. வட்டி கூடிய நேரத்தில் விலை குறைந்து 45 இலட்சம் லோன் போதும் என்றாலும், தவணை 72,000க்கு மேலேதான் நிற்கும். ஐந்து இலட்சம் மிச்சம் பிடித்ததாகச் சந்தோஷப்பட்டு, மாதாமாதம் அதிகம் கட்டிக் களைத்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மனதுக்குக் கஷ்டமாக இருக்கும்.

கையில் முழுக்காசு இருப்பவருக்குக் கதை வேறு. லோன் எடுத்து வாங்குவோர் ஒதுங்கி நிற்கும் காலம்தான் அவருக்கு விலை பேச நல்ல நேரம்.

தவணை சம்பளத்தில் மூன்றிலொன்றைத் தாண்டினால் விலை எவ்வளவு இறங்கினாலும் வாங்க வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். வட்டி நிலையானதா, மாறக்கூடியதா என்பதையும் கையெழுத்துக்கு முன் கேளுங்கள்.

கட்டாரிலிருந்து: நாங்கள் ரியாலில் உழைக்கிறோம். எங்களுக்கும் இதே கணக்கா?

இல்லை. ரியால் டொலரோடு சேர்ந்தே போகும். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபா அளவில் இருந்து, மே மாதத்தில் 360 வரை போனது. ஊரில் விலை அசையாமல் நின்றிருந்தாலும் உங்களுக்கு அது பாதிக்குக் கிட்ட இறங்கிய மாதிரிதான். நாணய மாற்றைக் கவனியுங்கள்.

அக்கரைப்பற்றிலிருந்து: பெர்மிற் காணியில் (அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணியில்) கட்டிய வீடு மலிவாக வருகிறது. விடலாமா?

மலிவாக வருவதற்குக் காரணமே அந்த பெர்மிற்தான். பிரதேச செயலாளரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் அதைக் கைமாற்ற முடியாது. வெறும் கடதாசியில் எழுதி வாங்கினால் வீடும் உங்களுடையதாகாது, வங்கியும் லோன் தராது. அனுமதி எடுத்துத் தந்தால் பேசலாம், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். உறுதிக்காணி என்றாலும் காணிப் பதிவகத்தில் தேடிப் பாருங்கள். பிரிக்காத பங்கு என்றால் மற்றப் பங்காளிகளும் உரிமை கேட்டு வருவார்கள்.

திராய்மடுவிலிருந்து: இப்போதே பார்த்து முடிக்கச் சொல்கிறார் தரகர்.

மாரி வரை பொறுங்கள், தங்கச்சி. நவம்பர், டிசம்பர் மழையில் வளவு எப்படி இருக்கிறது, தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது என்று நேரில் பாருங்கள். விலை பேசவும் அது உதவும்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து: விலை படிந்துவிட்டது. அட்வான்ஸ் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் வாய்ப்பேச்சில் வேண்டாம். காணி விற்கும் உடன்படிக்கை நொத்தாரிசு முன், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட்டால்தான் சட்டத்தில் செல்லும். லோன் கிடைக்காவிட்டால் அட்வான்ஸைத் திருப்பித் தருவதாகவும் அதில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.