‘அவள் வராத நாளில் டியூஷனே பிடிக்கவில்லை’

கேள்வி: அக்கா, எனக்கு 17 வயது. பிளஸ் டூ, அரசுப் பள்ளி. வீடு தண்டையார்பேட்டை. அப்பா லாரி ஓட்டுகிறார், அம்மா எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறார். என் டியூஷனில் ஒரு பொண்ணு. பத்தாவதிலிருந்தே பழக்கம், ஆனால் இந்த வருஷம்தான் என்னமோ ஆகிவிட்டது. அவள் வராத நாளில் டியூஷனே பிடிக்கவில்லை. சனிக்கிழமை டியூஷன் முடிந்ததும் ரெண்டு பேரும் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) சாப்பிடப் போவோம், அதோடு வரும் மொறுமொறு பேஜோவை அவள் நொறுக்கி என் தட்டில் போடுவாள், அதையே ராத்திரி முழுக்க நினைத்துக்கொண்டிருப்பேன். கிளாஸில் எல்லோரும் க்ரஷ் பற்றிப் பேசும்போது நானும் ஒரு பையன் பேரைச் சொல்லி வைத்திருக்கிறேன், சும்மா, கேட்டால் சொல்ல ஒரு பேர் வேண்டுமே என்று. ஆனால் ஒன்பதாவது படிக்கும்போது வேறொரு பையனை நிஜமாகவே பிடித்திருந்தது, அதனால்தான் குழப்பமே. நான் லெஸ்பியனா? இல்லை, வயசுக் கோளாறா? மார்ச்சில் பரீட்சை. பெரியம்மா வேறு பிளஸ் டூ முடிந்ததும் மாப்பிள்ளை பார்க்கலாம் என்று ஆரம்பித்துவிட்டார். பரீட்சைக்கு முன்னாலேயே அம்மாவிடம் சொல்லிவிட்டால் மனசு லேசாகுமா? அவளிடம் சொல்லலாமா? என் போனை அண்ணன் எடுத்துப் பார்ப்பான், அதனால் பேப்பரில் எழுதுகிறேன். பேர் போடாதீங்க அக்கா.

பதில்: பேர் போடவில்லைம்மா, டியூஷன் இருக்கும் தெருவையும் எடுத்துவிட்டேன். பேஜோவை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். அதை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றால் பாதி வடசென்னையை விசாரிக்க வேண்டியிருக்கும்.

நீ லெஸ்பியனா என்று நான் சொல்ல முடியாது. டாக்டரும் சொல்ல முடியாது, ரத்தப் பரிசோதனையிலும் தெரியாது. ஆனால் ஒன்பதாவதில் பிடித்த அந்தப் பையனை இப்போது சாட்சிக்கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்கிறாய் பார், அதை விட்டுவிடு. அப்போது அவனைப் பிடித்தது, இப்போது இவளைப் பிடித்திருக்கிறது, ரெண்டும் நடந்ததுதான். ஆண், பெண் ரெண்டு பேர் மேலும் ஈர்ப்பு வருகிறவர்கள் இருக்கிறார்கள், அதை இருபால் ஈர்ப்பு என்கிறோம். பெண்ணுக்குப் பெண் மேல் மட்டுமே வந்தால் தன்பால் ஈர்ப்பு. இந்த மாதிரிச் சொற்களுக்கு 2022-ல் தமிழ்நாடு அரசு ஒரு பட்டியலே போட்டு அரசிதழில் வெளியிட்டது. அதற்கு முன்னால் எங்கள் பத்திரிகைக்காரர்கள் எழுதிய சொற்களை எல்லாம் நீ படித்திருக்காமல் இருந்தால் நல்லது. சொல் உனக்குப் பொருந்தினால் எடுத்துக்கொள், பொருந்தவில்லையா, அப்படியே கிடக்கட்டும். ஹால் டிக்கெட்டில் யாரும் அதைக் கேட்கப் போவதில்லை.

‘கோளாறு’ என்று மட்டும் எழுதாதே. உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே தன்பால் ஈர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து தூக்கிவிட்டது, உன் அம்மாவே அப்போது சின்னப் பிள்ளையாக இருந்திருப்பார். வயசு என்பது வேண்டுமானால் கொஞ்சம் உண்மை. சிலருக்கு இந்த வயதில் வருவது பிறகு வேறு மாதிரி ஆகும், நிறையப் பேருக்கு அப்படியே இருக்கும், எந்தப் பக்கம் என்பது பல வருஷம் கழித்துத் திரும்பிப் பார்க்கும்போதுதான் தெரியும். ராயபுரத்தில் என்னோடு படித்த ஒருத்தி, கல்யாணமாகி ரெண்டு பிள்ளை பெற்ற பிறகு, நாற்பது தாண்டி, என்னிடம் இதைச் சொன்னாள். பிளஸ் டூவிலேயே தெரியும் என்றாள், கேட்கத்தான் ஆள் இல்லையாம். அவள் அப்போது என் பக்கத்து பெஞ்ச். உன் கடிதத்தை நான் உடனே எடுத்ததற்கு அதுவும் காரணம்.

க்ரஷ் என்று பொய்யாக ஒரு பேர் சொன்னாயே, அதற்காக வருத்தப்படாதே. அந்தப் பையன் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொள், அவன் சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு வந்து நின்றுவிடப் போகிறான்.

அம்மாவிடம் சொல்வதா? பரீட்சைக்கு முன்னால் வேண்டாம் என்பேன். இதில் ஒளிக்க வேண்டிய தப்பு ஏதும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஆனால் உனக்கு 17 வயது, சாப்பாடு, ஃபீஸ், போன் எல்லாம் வீட்டார் கையில் இருக்கிறது. தண்டையார்பேட்டை வீடுகளின் அளவும் எனக்குத் தெரியும். சொல்லிவிட்டு ஒதுங்கிப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள உனக்கென்று ஒரு அறை இருக்கிறதா? அம்மா அழுதால், அண்ணன் கத்தினால், மறுநாள் காலையில் அதே கூடத்தில்தான் நீ கெமிஸ்ட்ரி புத்தகத்தை விரிக்க வேண்டும். மனசு லேசாகலாம், டியூஷன் நின்றுபோகவும் செய்யலாம். அதுவரை அம்மாவைக் கவனி. டிவியில் இந்த மாதிரி செய்தி வந்தால் சேனலை மாற்றுகிறாரா, திட்டுகிறாரா, இல்லை ‘பாவம், யார் பெத்த பிள்ளையோ’ என்கிறாரா? அதிலேயே பாதி தெரிந்துவிடும். ஒருவேளை அதற்குள் அவர்களாகவே கண்டுபிடித்து அடித்தாலோ பூட்டி வைத்தாலோ 1098-க்குப் போன் செய். 18 வயதுக்குக் கீழே உள்ள யாருக்கும் அது உதவும்.

பெரியம்மா விஷயம் எனக்கு இதைவிட அவசரமாகத் தெரிகிறது. 18 முடியாமல் கல்யாணம் செய்து வைத்தால் சட்டப்படி குற்றம். முடிந்த பிறகும் உனக்கு விருப்பமில்லாமல் யாரும் கட்டிவைக்க முடியாது. ஆனால் பெரியம்மாக்களிடம் சட்டம் பேசி ஜெயித்தவர்களை நான் பார்த்ததில்லை, காலேஜ் சீட்டைக் காட்டித்தான் தள்ளிப்போட வேண்டும். ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் காலேஜ் முடிகிற வரை மாதம் 1,000 ரூபாய் உன் கணக்கில் விழும், ஸ்கூலிலேயே கேட்டு வை. பிராட்வே பக்கம் பாரதி மகளிர் கல்லூரி இருக்கிறது, அரசுக் கல்லூரி, பஸ்ஸிலேயே போய்விடலாம். மூன்று வருஷம் கையில் கிடைக்கும். உன் கேள்விக்கு நிதானமாகப் பதில் தேடிக்கொள்ள மூன்று வருஷம் போதுமானது, கையில் ஒரு டிகிரியும் இருக்கும்.

அப்புறம் அந்தப் பொண்ணு. பேஜோவை நொறுக்கிப் போடுவது பாசமாக இருக்கலாம், அதற்கு மேலும் இருக்கலாம், அத்தோ தட்டைப் பார்த்து ஜோசியம் சொல்ல எனக்குத் தெரியாது. சொல்லியே ஆக வேண்டும் என்றால் பரீட்சை முடியட்டும், நேரில் சொல். வாட்ஸ்அப்பில் ஒரு வரி கூட வேண்டாம், ஸ்கிரீன்ஷாட் ஒன்று கிளம்பினால் தண்டையார்பேட்டையில் ஏறி திருவொற்றியூரில் இறங்குவதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். அவளுக்கு அப்படித் தோன்றவில்லை என்றால் ‘சரி’ என்று கேட்டுக்கொள்ளத் தயாராகப் போ. வலிக்கும்தான்.

இன்னொன்று, நீ கேட்காதது. ஆன்லைனில் ‘உன்னை எனக்கு மட்டும்தான் புரியும், வீட்டில் சொல்லாதே, நேரில் வா’ என்று உன்னைவிடப் பெரிய ஆள் யாராவது, ஆணோ பெண்ணோ, ஆரம்பித்தால் அங்கேயே பிளாக் செய். போட்டோ கேட்டால் கண்டிப்பாகக் கொடுக்காதே. பேச ஆள் வேண்டும் என்றால் 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். செத்துப்போகலாமா என்று ஒரு நொடி தோன்றினாலும் அந்த நம்பர்தான், ராத்திரி எத்தனை மணியானாலும். ஓரினம் என்று சென்னையில் 2003-லிருந்து ஒரு குழு இருக்கிறது, அவர்கள் இணையதளத்தில் உன்னை மாதிரிப் பெண்களும் அவர்களைப் பெற்றவர்களும் தமிழிலேயே எழுதியிருக்கிறார்கள். படித்துவிட்டு ஹிஸ்டரியை அழித்துவிடு, அண்ணன் இருக்கிறான்.

கேள்வி: மேடம், என் மகளுக்கு 19 வயது. பெண்களைத்தான் பிடிக்கிறது என்று போன வாரம் சொன்னாள். நான் ரெண்டு நாள் சாப்பிடவில்லை. என் நாத்தனார், மாத்திரையும் கவுன்சிலிங்கும் கொடுத்து மாற்றிவிடும் டாக்டர் ஒருவர் இருக்கிறார் என்று சொல்லி அப்பாயின்ட்மென்ட்டும் வாங்கிவிட்டார். கூட்டிப் போகலாமா? – ஒரு தாய், பெரம்பூர்

பதில்: போகாதீங்கம்மா. மாற்றிவிடுகிறேன் என்று ஒரு டாக்டர் சொன்னால் அவர்தான் தப்பு செய்கிறார். மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த ரெண்டு பெண்களின் வழக்கில் 2021 ஜூனில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இந்த ‘மாற்றும் சிகிச்சை’க்குத் தடை போட்டார். 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில் ஒழுங்கீனம் என்றே அறிவித்தது. அந்த நீதிபதிக்கும் முதலில் இதெல்லாம் பிடிபடவில்லை. அதை வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியல் நிபுணரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் தீர்ப்பு எழுதினார். அவருக்கே அவகாசம் தேவைப்பட்டது, நீங்கள் ஒரு வாரத்தில் தெளிந்துவிட வேண்டும் என்று உங்கள் மகளும் எதிர்பார்க்க மாட்டாள். தன்பால் உறவு சட்டத்தில் குற்றமும் இல்லை, 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ரெண்டு பெண்கள் செய்துகொள்ளும் கல்யாணத்துக்கு அங்கீகாரம்தான் இன்னும் கிடைக்கவில்லை.

தூக்கம் வரவில்லை, பேச வேண்டும் என்றால் அதே 14416 உங்களுக்கும்தான். நாத்தனாரிடம் அப்பாயின்ட்மென்ட்டை ரத்து செய்யச் சொல்லுங்கள். நீங்கள் ரெண்டு நாள் சாப்பிடவில்லை என்றால் உங்கள் மகளும் சாப்பிட்டிருக்க மாட்டாள். இன்றைக்கு மீன் குழம்பு வைத்து ரெண்டு பேருமாக உட்காருங்கள், இந்தப் பேச்சை இன்று எடுக்கவே வேண்டாம்.