வீட்டிலிருக்கும் பழைய பொருள் விண்டேஜா ஆன்டிக்கா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

100 வருடம் தாண்டியிருந்தால் ஆன்டிக். இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் இந்தக் கணக்கைத்தான் வைத்திருக்கிறது. கையெழுத்துச் சுவடி போன்றவற்றுக்கு மட்டும் 75. விண்டேஜுக்குச் சட்டம் எதுவும் இல்லை. வியாபாரத்தில் 20 வருடத்துக்கு மேல், 100க்குள் இருப்பதை அப்படிச் சொல்கிறார்கள்.

வயதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். பித்தளை கறுத்திருக்கிறது, மரம் வெடித்திருக்கிறது என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அமோனியா ஆவி பட்டால் புதுப் பித்தளையும் சீக்கிரம் கறுத்துவிடும்.

முதலில் பொருளைக் கவிழ்த்து அடியில் உள்ள முத்திரையைப் பாருங்கள். காரைக்குடி பழம்பொருள் கடைகளில் கிடைக்கும் எனாமல் பாத்திரங்களில் நாட்டின் பெயர் இருக்கும். செக்கோஸ்லோவாக்கியா என்றிருந்தால் 1918க்கு முன் செய்திருக்க முடியாது. அந்த நாடே அப்போதுதான் உருவானது. மேற்கு ஜெர்மனி என்றால் 1949க்குப் பிறகு. ‘ஆக்குபைடு ஜப்பான்’ என்றால் 1945 முதல் 1952க்குள். ஒன்றை மறக்க வேண்டாம்: பெரும்பாலும் முத்திரை சொல்வது ‘இதற்கு முன் இல்லை’ என்பதை மட்டும்தான். ஸ்வீடன் கொக்கும்ஸ் என்ற பெயரைப் பார்த்ததும் கடைக்காரர் ஆன்டிக் விலை சொல்வார். அந்தக் கம்பெனி இருபதாம் நூற்றாண்டிலும் நெடுநாள் பாத்திரம் செய்தது, ஆகவே பெயர் மட்டும் போதாது.

மரச் சாமான் என்றால் ஸ்க்ரூவைப் பாருங்கள். ஸ்டார் ஸ்க்ரூ 1930களில்தான் புழக்கத்துக்கு வந்தது. ஆனால் ஒரே ஒரு ஸ்டார் ஸ்க்ரூவைக் கண்டதும் தள்ளிவிடாதீர்கள், பின்னால் யாராவது மாற்றியிருக்கலாம். அந்த ஸ்க்ரூ இருக்கும் கீலைக் கழற்றுங்கள். அடியில் வேறு அளவில் பழைய கீலின் தடமும் அடைத்த ஓட்டைகளும் தெரிந்தால் கீல் புதுசு, பெட்டி பழசு. மரத்தில் கீலின் தடம் ஒன்றே ஒன்றாகவும், ஸ்டார் ஸ்க்ரூ தவிர வேறு ஓட்டை இல்லாமலும் இருந்தால் பெட்டியே பிந்தியது. வட்ட மேசையாக இருந்தால் டேப் வைத்து இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். மரம் ரேகைக்குக் குறுக்கேதான் சுருங்கும்; பழைய மேசை குறுக்கே சில மில்லிமீட்டர் குறைவாக இருக்கும்.

அதிகம் பேர் ஏமாறுவது பித்தளைப் புனல் வைத்த எச்.எம்.வி. கிராமபோனில். சந்தையில் இருப்பவற்றில் நிறைய இங்கேயே புதிதாகச் சேர்த்தவை. புனல் மெல்லிய தகடாக இருக்கும், ஊசியைத் தாங்கும் கைக்குழாயோடு சேரும் வளைவு பொருந்தாமல் கோணலாக நிற்கும், நாய்ப் படத் தகட்டைச் சின்ன ஆணி வைத்து அடித்திருப்பார்கள். உள்ளே மோட்டார் பெரும்பாலும் சூட்கேஸ் மாடலிலிருந்து பிடுங்கியது. மோட்டார் பழசாக இருக்கலாம், ஆனாலும் அதை வைத்து முழுப் பெட்டியையும் ஆன்டிக் என்று சொல்வது ஏமாற்றுதான். இசைத்தட்டுக்குக் கணக்கு சுலபம்: தமிழ்ப் பேசும்படம் 1931இல்தான் வந்தது, ஆகவே தமிழ் சினிமாப் பாட்டுத் தட்டு எதுவும் 2031க்கு முன் ஆன்டிக் ஆகாது.

வயது தெரியும்வரை புளி போட்டுத் தேய்க்காதீர்கள். மெல்லிய எழுத்துகள் அழிந்துபோகும், நிறமும் போய்விடும், விலையும் இறங்கும்.

வெளிநாட்டுக்கு அனுப்புவதாக இருந்தால் இந்த வித்தியாசம் இன்னும் முக்கியம். 100 வருடம் கடந்த தொல்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்யக் கூடாது. விண்டேஜ்தான் என்றாலும் பார்ப்பதற்குப் பழசாக இருந்தால், அது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் சுங்கத்தில் நிறுத்திவிடுவார்கள்.