செகண்ட் ஹேண்ட் ஜெராக்ஸ் மெஷின், லேப்டாப்: கம்பெனிகளுக்கு விற்பவர்களின் கேள்விகளும் பதில்களும்

ஆபீஸுக்கான பழைய ஜெராக்ஸ் மெஷின், பிரிண்டர், லேப்டாப் ஆகியவற்றை வாங்கிக் கம்பெனிகளுக்கு விற்பது, வாடகைக்கு விடுவது பற்றி மட்டும் கேளுங்கள். மற்றவற்றுக்கு வேறு ஆள் இருக்கிறார்கள்.

ஈரோடு: சார், கையில் 5 லட்சம் இருக்கிறது. போதுமா?

போதும். ஆனால் அதில் 2 லட்சத்துக்கு மேல் சரக்கில் போடாதீர்கள். மார்ச்சில் ஒரு கம்பெனிக்கு 1 லட்சத்துக்கு பில் போட்டால், அதற்கு மேல் 18,000 ஜி.எஸ்.டி. நீங்கள் வாங்கியபோது கட்டிய வரியைக் கழித்தது போக மீதியை ஏப்ரல் 20-க்குள் கட்டியாக வேண்டும். பணம் வந்ததா இல்லையா என்று அரசாங்கம் கேட்காது. கம்பெனி ஜூனில்தான் தரும். இப்படி நாலு பில் ஒன்றாக நின்றால், கடை நிறைய சரக்கு இருக்கும், டோனர் வாங்கக் காசு இருக்காது. மீதி 3 லட்சம் அந்த இடைவெளிக்கு.

இன்னொன்று, இதை இன்று பலமுறை சொல்வேன்: பி.ஓ. (கம்பெனி எழுத்தில் தரும் பர்ச்சேஸ் ஆர்டர்) இல்லாமல் மெஷினை வண்டியிலிருந்து இறக்காதீர்கள். "மேனேஜர் போனில் சொல்லிட்டார்" என்பது பி.ஓ. அல்ல.

மதுரை: அண்ணே, பழைய ஜெராக்ஸ் மெஷினை எப்படிப் பார்த்து வாங்குவது? மீட்டர் (இதுவரை எடுத்த காப்பி எண்ணிக்கை) குறைவாக இருந்தால் போதுமா?

மீட்டரை மட்டும் நம்பாதே தம்பி. சர்வீஸ் மோடில் போய் அதை மாற்றத் தெரிந்தவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள். மொத்த எண்ணிக்கையை டிரம் (படம் பதியும் உருளை), ஃப்யூசர் (சூட்டில் மையைத் தாளில் ஒட்டவைக்கும் பாகம்) ஆகியவற்றின் தனி எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பார். மொத்தம் 80,000 என்று காட்டும், ஆனால் பேப்பர் இழுக்கும் ரப்பர் வழவழவென்று பளபளக்கும், கியர் பல் தேய்ந்திருக்கும். அப்போது மீட்டர் பொய். சில மாடல்களில் ஏ3 ஒரு பக்கம் இரண்டாகக் கணக்காகும், அதையும் கேட்டுக்கொள்.

சூடு ஏறும்வரை காத்திருந்து, கண்ணாடியில் ஒரு தாளை வைத்து 20 காப்பி, மேலே உள்ள ஏ.டி.எஃப். (தாளைத் தானே இழுக்கும் தட்டு) வழியாக 50 தாள், டூப்ளெக்ஸில் (இரு பக்கமும்) 20 எடு. பாதிக் கருப்பாக ஒரு பக்கமும் எடு. அதன்பின் இதைக் கவனி:

நீளவாக்கில் கோடு ஏ.டி.எஃப்.-இல் மட்டும் வந்து, கண்ணாடியில் வரவில்லை என்றால், ஓரத்தில் உள்ள மெல்லிய கண்ணாடிப் பட்டையில் அழுக்கு. துணியால் துடைத்தால் போய்விடும். விற்பவருக்கு இது தெரியாவிட்டால் நீ விலையைக் குறைக்கலாம். இரண்டிலும் கோடு என்றால் டிரம், பிளேடு, சார்ஜ் ரோலர் பக்கம் செலவு இருக்கிறது.

ஒரே புள்ளி திரும்பத் திரும்ப வந்தால் ஸ்கேல் வைத்து இடைவெளியை அள. 30 மி.மீ. விட்டமுள்ள டிரம் என்றால் சுற்றளவு 94 மி.மீ. புள்ளியும் 94 மி.மீ.க்கு ஒருமுறை வந்தால் குற்றவாளி டிரம்தான். வேறு அளவு வந்தால் அந்தச் சுற்றளவு எந்த ரோலருக்குப் பொருந்துகிறது என்று பார். கடைசியாக, வெளிவந்த தாளைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய். எழுத்து அழிந்தால் ஃப்யூசர் போய்க்கொண்டிருக்கிறது.

பல மெஷின்களில் ஹார்ட் டிஸ்க் இருக்கும். பழைய கம்பெனியின் ஸ்கேன்கள் அதில் கிடக்கும். அதை அழித்து, அழித்ததற்கான தேதியை எழுதி பில்லோடு கொடு. பெரிய கம்பெனிகள் இதைக் கேட்கின்றன.

சேலம்: சார், எவ்வளவு முதலீடு வேண்டும்?

ஈரோட்டுக்காரருக்குச் சொன்னதேதான்.

திருப்பூர்: வாடகைக்கு விட்டால் காப்பிக்கு 60 பைசா கிடைக்கிறது. லாபமா?

எத்தனை காப்பி ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. ஒரு கணக்கு போடுவோம். மெஷின் 60,000. டோனர் 1,200 ரூபாய், டப்பாவில் 15,000 பக்கம் என்று போட்டிருக்கும். அது 5 சதவீதம் மை படும் தாளுக்கு. பில், டெலிவரி சலான் அடிக்கும் ஆபீஸில் 8 சதவீதத்துக்கு மேல் போகும், 9,000 பக்கம் வந்தாலே நல்லது. அது 13 பைசா. டிரம், பிளேடு, டெவலப்பருக்கு லட்சம் காப்பிக்கு 6,000 வைத்தால் 6 பைசா. ஃப்யூசர், ரப்பர்களுக்கு 4 பைசா. ஆக 23.

இனி ஆள் போகும் செலவு: மாதம் இரண்டு முறை, தடவைக்கு 350. மெஷின் விலையை 30 மாதத்தில் எடுக்க மாதம் 2,000. மாதம் 5,000 காப்பி ஓடினால் இவை 14 + 40 பைசா. மொத்தம் 77. அறுபதுக்குக் கொடுத்தால் ஒவ்வொரு காப்பிக்கும் 17 பைசா கையிலிருந்து போகிறது. 10,000 ஓடினால் அதே இரண்டும் 7 + 20 ஆகி, மொத்தம் 50. பத்து பைசா நிற்கிறது.

எனவே விலையைப் பேசும் முன் குறைந்தபட்சக் காப்பியைப் பேசுங்கள். 10,000-க்குக் கீழே போனாலும் 10,000-க்கே பில் என்று ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். கம்பெனி இயந்திர வாடகையில் 2 சதவீதம் டி.டி.எஸ். (முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரி) பிடித்தால் பதறாதீர்கள், ரிட்டர்னில் வந்துவிடும்.

ஓசூர்: 90 நாள், 120 நாள் என்று இழுக்கிறார்கள். உத்யம் (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) இருந்தால் 45 நாளில் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறதே?

சட்டம் இருக்கிறது, உங்களுக்கு இல்லை. 2006-ன் எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. ஆனால் வாங்கி விற்கும் வியாபாரிகளை 2021 ஜூலையில் உத்யமில் சேர்த்தபோதே, வங்கிக் கடனில் முன்னுரிமை மட்டும்தான் என்று எழுதிவிட்டார்கள்.

கோவை: அப்படியில்லை. என் ஆடிட்டர், வருமான வரியில் 43பி(எச்) பிரிவு (சிறு தொழிலுக்குத் தாமதமாகக் கொடுத்தால் அந்த ஆண்டுச் செலவாகக் கழிக்க விடாதது) வந்தபிறகு எல்லாரும் 45 நாளில் கொடுத்தாக வேண்டும் என்கிறார்.

அந்தப் பிரிவும் அதே எம்.எஸ்.எம்.இ. சட்டத்தின் 15-ஆம் பிரிவைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அங்கே வியாபாரி இல்லையென்றால் இங்கேயும் இல்லை.

கோவை: கம்பெனிகள் பயந்துபோய் மார்ச்சில் கொடுக்கின்றனவே?

கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அவர்கள் அக்கவுண்ட்ஸ் பிரிவு உங்கள் சான்றிதழில் "வர்த்தகம்" என்று பார்க்கும்வரை அது நடக்கும். அதை நம்பி 10 லட்சத்துக்குச் சரக்கைக் கடனுக்கு விற்காதீர்கள்.

ஓசூர்: அப்போ வழியே இல்லையா?

இரண்டு இருக்கின்றன. வாடகை, பராமரிப்பு இரண்டும் சேவை. உத்யமில் சேவைக்கான குறியீட்டையும் சேர்த்து, அந்த பில்களைத் தனியாகப் போடுங்கள். அவற்றுக்கு 45 நாள் பாதுகாப்பு உண்டு. பதிவு பில்லுக்கு முன்பே இருக்கட்டும். இரண்டாவது, ஜி.எஸ்.டி.யில் 180 நாள் விதி: பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் உங்களுக்குப் பணம் தராவிட்டால், கம்பெனி எடுத்த வரிவரவை (உங்கள் பில்லின் ஜி.எஸ்.டி.யைத் தன் வரியில் கழித்ததை) வட்டியோடு திருப்ப வேண்டும். 150-ஆவது நாளில் இதை மரியாதையாக நினைவூட்டி, அவர்கள் ஃபைனான்ஸுக்கு ஒரு மெயில் போடுங்கள். பர்ச்சேஸுக்கு அல்ல, ஃபைனான்ஸுக்கு. கையெழுத்தும் முத்திரையும் உள்ள டெலிவரி சலான், இன்ஸ்டாலேஷன் ரிப்போர்ட், பி.ஓ. எண் மூன்றும் அதில் இருக்க வேண்டும். மறுபடியும் பி.ஓ.

கோவை: ஆடிட்டரிடம் கேட்டுச் சொல்கிறேன்.

கேளுங்கள். 2021 ஜூலை உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

தூத்துக்குடி: நானே நேரடியாகப் பழைய மெஷின்களை இறக்குமதி செய்யலாமா?

முதலில் செய்யாதீர்கள். பழைய ஜெராக்ஸ் மெஷின்களுக்கு டி.ஜி.எஃப்.டி. (வெளிநாட்டு வர்த்தகத் துறை) அனுமதி, பி.ஐ.எஸ். (தரச் சான்று), கழிவு விதிகள் என்று மூன்று பக்கமும் கட்டுப்பாடு இருக்கிறது. கஸ்டம்ஸ் ஏஜென்ட்டிடம் போங்கள்.

சென்னை: ஐ.டி. கம்பெனி ஏலத்தில் 40 லேப்டாப் வருகிறது. என்ன கவனிக்க வேண்டும்?

எட்டாம் தலைமுறை இன்டெல்லுக்குக் கீழே இருந்தால் மிகக் குறைவாகக் கேளுங்கள். அவற்றில் விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏறாது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. கம்பெனிகள் வாங்கத் தயங்கும்.

பெரிய ஆபத்து வேறு. பத்து மெஷினை ரீசெட் செய்து, வைஃபையோடு இணைத்துப் பாருங்கள். முகப்பில் பழைய கம்பெனியின் பெயரும் அவர்கள் லாகினும் வந்தால் அது ஆட்டோபைலட்டில் (கம்பெனி தன் லேப்டாப்களைக் கட்டுப்படுத்தும் மைக்ரோசாஃப்ட் பதிவு) பதிவாகி இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கை மாற்றினாலும் போகாது, அவர்கள்தான் நீக்க வேண்டும். சீரியல் எண் பட்டியலைக் கொடுத்து, நீக்கியதாக எழுத்தில் வாங்கிய பிறகு மீதிப் பணம் கொடுங்கள். பயாஸ் (லேப்டாப் கிளம்பும்போது முதலில் ஓடும் புரோகிராம்) பாஸ்வேர்டும் அதே கதை. பேட்டரி நிலைக்கு விண்டோஸின் பவர்சிஎஃப்ஜி கட்டளை தரும் பேட்டரி ரிப்போர்ட்டில், வடிவமைத்த கொள்ளளவையும் இப்போதைய முழு சார்ஜையும் ஒப்பிடுங்கள்.

நாமக்கல்: ஜி.எஸ்.டி.யில் காம்போசிஷன் ஸ்கீமில் (சிறு வியாபாரிகளுக்கான எளிய வரித் திட்டம்) இருக்கலாமா? வரி குறைவு.

வேண்டாம். வரி பில் போட முடியாது, வாங்கும் கம்பெனிக்கு வரவு கிடைக்காது. அவர்கள் உங்களிடம் ஏன் வாங்க வேண்டும்? பதிவில்லாதவரிடம் வாங்கிய பழைய பொருளைப் பெரிதாக மாற்றாமல் விற்றால், ஜி.எஸ்.டி. விதி 32(5)-ன்படி லாபத்தில் மட்டும் வரி கட்டலாம். அந்தப் பொருளில் வரிவரவு எடுத்திருக்கக் கூடாது. இதை ஆடிட்டரிடம் கேட்டுப் பொருள் வாரியாகக் கணக்கு வையுங்கள்.

விழுப்புரம்: சார், முதலீடு எவ்வளவு?

மேலே போய்ப் படியுங்கள்.

கரூர்: ஆபீஸ் நாற்காலியும் சேர்த்து விற்கலாமா?

நாற்காலி என் துறை இல்லை. மர வேலை, குஷன் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

வேலூர்: ஊருக்குள் மெஷின் அனுப்ப இ-வே பில் (சரக்கு வண்டிக்கான ஜி.எஸ்.டி. ஆன்லைன் சீட்டு) வேண்டுமா?

தமிழ்நாட்டுக்குள் 1 லட்சத்துக்கு மேல் போனால் வேண்டும். ஓசூரிலிருந்து பெங்களூரு போனால் 50,000-க்கு மேல். வண்டி கிளம்பும் முன் எடுங்கள், செக்போஸ்டில் நின்றுகொண்டு அல்ல.

திருச்சி: 5 லட்சத்தில் இந்தத் தொழில் தொடங்கலாமா?

தொடங்கலாம். பி.ஓ. வாங்குங்கள்.