பழைய மொசைக் தரை மங்கிப்போச்சா? உடைக்கறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

"30 வருஷ மொசைக் தரை, பளபளப்பே போச்சு, பாத்ரூம் வாசல் பக்கம் வெள்ளை வெள்ளையா திட்டு, உடைச்சிட்டு டைல்ஸ் போட்டுரலாமா?"ன்னு ஒரு வாசகர் கேட்டிருக்காங்க.

தயவுசெஞ்சு உடைக்காதீங்க. நாம மொசைக்னு சொல்ற இந்த தரைக்கு சரியான பேரு டெரஸோ, மார்பிள் சிப்ஸை சிமெண்ட்டோட கலந்து கொட்டி, இறுகினப்புறம் தேய்ச்சு வழவழப்பாக்குறது. மேல் அடுக்கு கிட்டத்தட்ட 10 மில்லிமீட்டர் இருக்கும், அது முழுக்க சிப்ஸ்தான், அதனால மேல லேசா தேய்ச்சு எடுத்தா கீழயும் அதே தரைதான் வரும்.

அந்த வெள்ளைத் திட்டு பெரும்பாலும் ஆசிட் கிளீனர் வேலையாதான் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத மூலையில எலுமிச்சை சாறு ஒரு சொட்டு விட்டு குனிஞ்சு பாருங்க, பொடிப்பொடியா நுரை வரும், துடைச்சா அந்த இடம் மட்டும் மங்கியிருக்கும். மார்பிளும் சிமெண்ட்டும் ஆசிட் பட்டா கரையும், எலுமிச்சைக்கே இப்படின்னா டாய்லெட் கிளீனர் என்ன பண்ணும்னு நினைச்சுப் பாருங்க.

பாலிஷுக்கு ஆள் கூப்பிடறதுக்கு முன்னாடி ஒரு காசை வச்சு தரை முழுக்க தட்டிக்கிட்டே போங்க. கணீர்னு கேட்டா நல்லாயிருக்கு, தொம்முனு கேட்டா அடியில பிடிப்பு விட்டிருக்கு, அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்து புதுசா போட்டுக்கலாம்.

வேலையை தண்ணி விட்டுதான் செய்யணும், தூசி நுரையீரலுக்கு ஆகாது. முதல்ல 60ஆம் நம்பர் சொரசொர தேய்ப்புக் கல்லு (நம்பர் ஏற ஏற நைஸா இருக்கும்), அப்புறம் ஊசித்துளைகளையெல்லாம் அதே கலர் சிமெண்ட் பாலால அடைக்கணும், அது நல்லா இறுகணும், அதுக்கப்புறம்தான் 120, 320னு நைஸ் கல்லுக்குப் போகணும். துளை அடைக்கறதைதான் அவசரத்துல விட்டுடுவாங்க, பக்கத்துலயே நின்னு பாத்துக்கோங்க, ஏன்னா அழுக்கு போய் உட்கார்றதே அந்த துளைலதான். தேய்ச்ச சேறை டிரெயின்ல மட்டும் விட்டுடாதீங்க, உள்ள போய் படிஞ்சு பைப் அடைச்சுக்கும், வாளியில அள்ளிடுங்க.

கடைசியா ஆக்சாலிக் ஆசிட் பவுடர் போட்டு தேய்ப்பாங்க, இதுவும் ஆசிட்தானேன்னு பயப்பட வேணாம், இது மார்பிள்ல இருக்கற கால்சியத்தோட சேர்ந்து கரையாத ஒரு படலமா மாறிடும். ஆனா விஷம், குழந்தைங்களை அன்னிக்கு அந்தப் பக்கம் விடாதீங்க, கை உறை கண்டிப்பா வேணும்.

நல்லா காய்ஞ்சப்புறம் உள்ள இறங்கற சீலர் அடிங்க, அதாவது தண்ணியும் கறையும் தரைக்குள்ள இறங்காம தடுக்கற திரவம். தடியா மெழுகு பூசாதீங்க, வழுக்கும், போகப்போக மஞ்சளாகும், வயசானவங்க இருக்கற வீடுன்னா வேணவே வேணாம். தினமும் துடைக்க வெறும் தண்ணி, இல்லன்னா ஆசிட்டும் காரமும் இல்லாத மைல்டான சோப்பு கொஞ்சம், அவ்வளவுதான்.

அப்பப்ப ஒரு சொட்டு தண்ணி விட்டு பாருங்க, முத்து மாதிரி நின்னா சீலர் இருக்கு, உள்ள இழுத்து அந்த இடம் கறுத்துச்சுன்னா திரும்ப அடிக்கணும்.