பணமும் மருத்துவர்களும் குறைந்த கம்போடியா, பிரசவ மரணங்களை எப்படி இவ்வளவு குறைத்தது?

அந்நாட்டின் கிராமப்புறச் சுகாதாரத் திட்டம் ஒன்றில் சில காலம் பணிபுரிந்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். முதற்காரணம் மருத்துவச்சிகள். சாலைகள் மேம்பட்டதும், பெண்கள் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்ததும் உதவின என்பதை மறுக்கவில்லை. ஆனால் அவற்றை அடுத்த நிலையில்தான் வைப்பேன்.

1975 முதல் 1979 வரை நீடித்த, கெமர் ரூஜ் என்னும் தீவிர கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சியில் மருத்துவர்களும் செவிலியர்களும் கொல்லப்பட்டும் நாட்டைவிட்டு ஓடியும் போனதால், அதன்பின் எல்லாவற்றையும் அடியிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. மருத்துவர்களை உருவாக்கப் பல ஆண்டுகள் பிடிக்கும் என்பதால், ஓராண்டுப் பயிற்சியிலேயே கிராம மருத்துவச்சிகளைத் தயாரித்து, 2009-க்குள் ஒவ்வொரு சுகாதார நிலையத்திலும் ஒருவராவது இருக்கும்படி செய்தார்கள். 2007-இல் மற்றொரு முடிவும் எடுக்கப்பட்டது: உயிருடன் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் சுகாதார நிலையத்துக்கு 15 டாலரும், மருத்துவமனைக்கு 10 டாலரும் அரசே ஊக்கத்தொகையாகக் கொடுக்கும். சொற்பச் சம்பளத்தில் இருந்த ஊழியர்களுக்கு இது பெரிய தொகை. பல நிலையங்களில் இதிலிருந்து ஒரு பங்கை, கர்ப்பிணியை அழைத்துவரும் நாட்டு மருத்துவச்சிக்கும் கொடுத்தார்கள். அதுவரை வீட்டில் பிரசவம் பார்த்துவந்தவரைப் பகைத்துக்கொள்ளாமல் தம் பக்கம் சேர்த்துக்கொண்ட அந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. ஏழைக் குடும்பங்களின் மருத்துவச் செலவையும் வண்டிக்கூலியையும் ஏற்க ஒரு சமவாய்ப்பு நிதியும் இருந்தது.

2005-இல் மருத்துவ நிலையங்களில் நடந்த பிரசவங்கள் 22 சதவீதமே. 2014-இல் 83, 2021-22-இல் 98 சதவீதம். 2005-இல் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு 472 ஆக இருந்த தாய் மரணம், 2010-இல் 206 ஆகவும், பின்னர் 154 ஆகவும் இறங்கியது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மரணம், 2000-இல் ஆயிரத்துக்கு 124 ஆக இருந்தது, 2021-22-இல் 16 ஆயிற்று.

இந்த ஊக்கத்தொகையில் ஒரு குறையும் உண்டு. பிரசவம் சிக்கலாகித் தாயைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினால், பணமும் அங்கேயே போய்விடும். அதனால் அனுப்ப வேண்டியவரையும் அனுப்பத் தயங்கத் தோன்றலாம். எண்ணிக்கைக்குக் காசு கொடுக்கும் திட்டம் எதிலும் இந்த ஆபத்து இருக்கத்தான் செய்யும்.

பிரசவ அறைக்கு வெளியே இருப்பவை இன்னும் கடினமானவை. பிள்ளை பெற்றவளின் உடற்சூடு தணிந்துவிடக் கூடாது என்று, மூங்கில் கட்டிலின் கீழே கரி நெருப்பு மூட்டி அவளைச் சில நாட்கள் படுக்க வைப்பது அங்கே பழைய வழக்கம். அப்படியொரு வீட்டுக்குள் நான் நுழைந்தபோது புகையில் கண் எரிந்தது. தாயின் பக்கத்தில் குழந்தையும் கிடந்தது. நம்மூர்ப் பத்தியச் சோற்றைப் போல அங்கும் உணவைச் சுருக்குகிறார்கள்: வெள்ளைச் சோறு, உப்பு, கொஞ்சம் கருவாடு. தீட்டிய அரிசியில் தயமின் என்னும் பி1 வைட்டமின் மிகக் குறைவு. தாயின் உடலில் அது குறைந்தால் பாலிலும் குறைந்துவிடும். அந்தப் பாலை மட்டுமே குடிக்கும் குழந்தைக்கு இரண்டு மூன்று மாதத்தில் பெரிபெரி வரலாம். குரல் அடைத்து, வாய் திறந்து அழுதும் சத்தம் வராது, மூச்சு இரைக்கும், இதயம் செயலிழந்து சில மணி நேரத்தில் இறந்துபோகவும் கூடும். நேரத்தில் கண்டுபிடித்துத் தயமின் ஊசி போட்டால், வியக்கத்தக்க வேகத்தில் தேறிவிடும். ஆனால் சளி, நிமோனியா என்று நினைத்துவிடுவதே அதிகம்.

அன்றாடம் எல்லா வீட்டிலும் புழங்கும் மீன் சாற்றில் (மீனை உப்பிட்டு நொதிக்க வைத்து எடுப்பது) தயமினைச் சேர்த்து, பிரே வெங் மாகாணத்தில் ஆய்வு செய்தார்கள். தாய், சேய் இருவருடைய உடலிலும் தயமின் அளவு உயர்ந்தது. இதற்கு யாரும் தங்கள் வழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை என்பதால், பத்தியத்தை விடச் சொல்லி அறிவுரை கூறுவதைவிட இவ்வழியையே நான் நம்புகிறேன்.