ஐந்து நானோமீட்டர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எம்.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு, ஓசூரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் தரப் பரிசோதனை அறையில் வேலை பார்க்கிறேன். சிலியில் பரானல் தொலைநோக்கியிலிருந்து மஞ்சள் லேசர் வானத்துக்குப் போகும் படம் ஒன்றைப் பார்த்தேன். நட்சத்திரங்களின் தூரத்தை இப்படித்தான் அளக்கிறார்களா? நம் பால்வெளியின் மையம் 26,000 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. அதைப் பார்க்க, மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கான நானோமீட்டர் கணக்கு எதற்கு? நானும் நாள் முழுக்க மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பார்ப்பவன்தான். ஆனால் என்னுடையது வெறும் அளவெடுப்பு. உண்மையான அறிவியலுக்குப் போக ஆசை. பிஎச்.டி. சேரலாமா?

– செ., ஓசூர்

அன்புள்ள செ.,

மஞ்சள் லேசரை முதலில் முடித்துவிடுகிறேன். அது எந்தத் தூரத்தையும் அளப்பதற்கானதல்ல. சுமார் 90 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் சோடியம் அணுக்களை ஒளிரவைத்து ஒரு செயற்கை நட்சத்திரத்தை உண்டாக்குகிறது. காற்றின் நடுக்கத்தைத் திருத்த அது உதவும். எம்.எஸ்சி. படித்தவர் இதைத் தேடித் தெரிந்துகொண்டே எனக்கு எழுதியிருக்கலாம்.

அளக்கிற லேசர் அந்தப் படத்தில் வராது. அது மலைக்குள்ளே ஓடுகிறது. பரானலில் 8.2 மீட்டர் தொலைநோக்கிகள் நான்கு இருக்கின்றன. நான்கின் ஒளியையும் நிலத்தடிக்குக் கொண்டுவந்து ஒன்றுசேர்க்கிறார்கள். நட்சத்திரம் சாய்வாக இருந்தால் அதன் ஒளி ஒரு தொலைநோக்கியை முந்தி அடையும், இன்னொன்றைப் பிந்தி அடையும். இரண்டும் ஒரே நேரத்தில் வந்து சேர வேண்டும். முந்தி வந்ததைக் காக்கவைக்க, சுரங்கத்துக்குள் தண்டவாளத்தில் கண்ணாடி பொருத்திய வண்டிகள் நகர்கின்றன. பூமி சுழல்வதால் இந்த வித்தியாசமும் மாறிக்கொண்டே இருக்கும். இரண்டு தொலைநோக்கிகளுக்கு இடையே 100 மீட்டர் என்றால், நொடிக்கு 7 மில்லிமீட்டர் வரை. ஓடுகிற வண்டி எங்கே இருக்கிறது என்று லேசர்தான் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது.

நானோமீட்டர் எதற்கு என்று கேட்டீர்கள். ஒரு டிகிரியில் 3,600-ல் ஒரு பங்கு ஆர்க்செகண்ட், அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மைக்ரோ ஆர்க்செகண்ட். 10 மைக்ரோ ஆர்க்செகண்ட் கோணத்தை ரேடியன் என்ற கோண அலகுக்கு மாற்றி 100 மீட்டரால் பெருக்கிப் பாருங்கள். ஐந்து நானோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். பால்வெளி மையத்தில் ஒரு நட்சத்திரம் நகர்வதை அந்த நுட்பத்தில் பார்க்க வேண்டுமானால், ஒளி வரும் பாதையில் அதற்குமேல் தவறு இருக்கக்கூடாது. 26,000 ஒளியாண்டு இந்தக் கணக்கில் எங்கேயும் வரவில்லை, கவனித்தீர்களா?

நான்கு தொலைநோக்கிகளின் ஒளியையும் சேர்க்கும் கிராவிட்டி என்ற கருவி இதற்காகவே 1,908 நானோமீட்டர் அலைநீள லேசரைத் தலைகீழாக அனுப்புகிறது. நட்சத்திர ஒளி எந்தக் கண்ணாடிகளில் பட்டு உள்ளே வந்ததோ, அதே கண்ணாடிகள் வழியாக லேசர் வெளியே போகிறது. தொலைநோக்கியின் பெரிய கண்ணாடிக்கு மேலே, இரண்டாம் கண்ணாடியைத் தாங்கும் கைகளில் உள்ள உணரிகள் அதைப் பிடிக்கின்றன. இதில் ஒரு பெரிய தொல்லை இருந்தது. லேசர் பலமாக இருந்தால் கருவியின் ஒளியிழைகளுக்குள் அது சிதறி, மங்கலான நட்சத்திர ஒளியையே கெடுக்கிறது. பலவீனமாக இருந்தால் உணரியில் ஒன்றும் தெரியாது. என்ன செய்தார்கள் தெரியுமா? மங்கலான இரண்டு கற்றைகளை மட்டும் கருவிக்குள் விட்டு, பலமான மூன்றாவது கற்றையைக் கருவியைத் தாண்டிய பிறகு சேர்த்தார்கள். மூன்றும் கலக்கும்போது மங்கலான கற்றைகளின் தகவல் பெரிதாகித் தெரிகிறது. இதை யோசித்தவர்களுக்கு 'வெறும்' என்ற சொல்லைப் போடுவீர்களா?

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். 2018 மே மாதம் எஸ்2 என்ற நட்சத்திரம் பால்வெளி மையத்துக் கருந்துளையை நொடிக்கு ஏறத்தாழ 7,650 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றிக் கடந்தது. அதன் பாதை ஒரு சுற்றுக்கு 12 ஆர்க்நிமிடம், அதாவது ஒரு டிகிரியில் ஐந்தில் ஒரு பங்கு, திரும்புவதை 2020-ல் அறிவித்தார்கள். ஐன்ஸ்டைன் சொன்னது சரி என்று செய்தி வந்தது. ஐன்ஸ்டைன் படமும் வந்தது. அந்தப் பாதையை அளக்க உதவிய லேசரைப் பற்றி ஒரு வரி? அதை விளக்கி 2016-ல் வந்த கட்டுரையின் முதல் ஆசிரியர் மாக்தலேனா லிப்பா. அந்தப் பெயரை உங்கள் வகுப்பில் யாராவது சொன்னார்களா? கோட்பாடு எசமானன், அளவு வேலைக்காரன் என்ற நினைப்பை நம் கல்லூரிகள் ஊட்டிவிட்டன. நீங்களும் அதை நம்பி உங்கள் வேலையையே மட்டம் தட்டுகிறீர்கள்.

நான் படித்த கல்லூரியில் ஒரு லேப் அட்டெண்டர் இருந்தார். ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரித்து மறுபடி சேர்த்து நுண்ணிய தூரத்தை அளக்கும் மைக்கேல்சன் கருவியில் சோடியம் விளக்கு வைத்து, மஞ்சள் வட்டங்கள் ஒவ்வொன்றாகப் பிறப்பதை எண்ண வேண்டும். ஃபேனை நிறுத்துவார், கதவைச் சாத்துவார், "தம்பி, கையை அந்தப் பக்கம் கொண்டுபோகாதே" என்பார். கை பக்கத்தில் போனாலே அதன் சூட்டில் காற்று மாறி வட்டங்கள் நெளியும். வெளியே லாரி போனால் எண்ணிக்கை தப்பிவிடும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். பரானல் லேசரும் அடிப்படையில் இப்படி எண்ணிக்கொண்டுதான் இருக்கிறது. கற்றை ஒரு கணம் அறுந்தால் கணக்கு போய்விடும். எங்களுக்கு ஒளியியல் பாடம் எடுத்தவர்களில் ஒருவருக்கும் அந்தக் கருவியைச் சரிசெய்யத் தெரியாது. அந்த அட்டெண்டருக்குத் தெரியும். ஆனால் ஆண்டுவிழா மேடையில் அவருக்கு ஒரு நாற்காலி போட்டதில்லை.

அந்தக் கருவியை உருவாக்கிய மைக்கேல்சனுக்கு 1907-ல் நோபல் பரிசு எதற்குக் கொடுத்தார்கள் என்று பாருங்கள். துல்லியமான ஒளியியல் கருவிகளுக்கும், அவற்றைக்கொண்டு செய்த நிறமாலை, அளவியல் ஆய்வுகளுக்கும் என்றே அறிவிப்பில் இருக்கிறது. அதே மனிதர், பீஸ் என்பவரோடு சேர்ந்து 1920-ல் அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் தொலைநோக்கியின் மேல் 6 மீட்டர் உத்தரம் ஒன்றைப் பொருத்தித் திருவாதிரை நட்சத்திரத்தின் விட்டத்தை அளந்தார். அப்போது லேசர் கிடையாது. இரண்டு கற்றைகள் கலந்து உண்டாகும் பட்டைகள் மறைகிற இடத்தைக் கண்ணால் பார்த்தார்கள்.

நட்சத்திரங்களின் இடத்தை விண்வெளியிலிருந்து அளக்க நினைத்த அமெரிக்காவின் சிம் விண்கலத் திட்டம் 2010-ல் கைவிடப்பட்டது. அதன் முந்தைய வடிவமைப்பில் ஒளியைப் பிடிக்கும் இரண்டு கண்ணாடிகளுக்கு இடையே ஒன்பது மீட்டர். அந்த இடைவெளியில் ஒரு மைக்ரோ ஆர்க்செகண்ட் கோணம் என்றால் 44 பிகோமீட்டர் (நானோமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிகோமீட்டர்), ஹைட்ரஜன் அணுவில் பாதிகூட இல்லை. அந்த அளவுக்கான லேசர் நுட்பத்தை ஆய்வகத்தில் செய்து காட்டிவிட்டுத்தான் நின்றார்கள். விண்கலம் பறக்கவில்லை என்பதற்காக அந்த வேலை அறிவியல் இல்லையென்று ஆகிவிடுமா?

பிஎச்.டி. பற்றி உங்கள் வீட்டு நிலைமை தெரியாமல் நான் எதுவும் சொல்லக்கூடாது, அப்புறம் பேசலாம். அளவைச் சரிபார்க்கும் உலோகக் கட்டைகளை, உங்கள் ஸ்லிப் கேஜ்களை, 20 டிகிரியில் வைக்க வேண்டும் அல்லவா? மே மாதம் மின்சாரம் போனால் அந்த அறையில் என்ன நடக்கிறது, மறுபடி அளக்க எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள், அந்த நேரத்தை யார் தீர்மானித்தார்கள்? அதை எனக்கு விவரமாக எழுதுங்கள்.