48.68 பேருக்குச் சாப்பாடு போடலாமா?

கேள்வி: என் மகன் கிரேடு 10 படிக்கிறான். சமன்பாடாகக் கொடுத்தால் போட்டுவிடுகிறான். அதையே 'அதிகபட்சம் எத்தனை பேர்?' என்று கதையாகக் கேட்டால் விழிக்கிறான். எப்படிச் சொல்லித் தருவது?
– ஒரு தாய், சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: சகோதரி, புத்தகத்தை மூடிவிட்டு, புரட்டாசிச் சனிக்கிழமை அன்னதானக் கணக்கைத் தம்பியிடம் ஒப்படையுங்கள். கையில் 2,500 ராண்ட். பாத்திரம், கேஸ் வாடகை 650. சாப்பாடு தலைக்கு 38. எத்தனை பேரை அழைக்கலாம்?

பிள்ளைகள் 650-இல் ஆரம்பித்து 20 பேர், 30 பேர் என்று கூட்டிக்கொண்டே போவார்கள். வேண்டாம். முடிவில் நிற்கும் 2,500-ஐ முதலில் எழுதச் சொல்லுங்கள். அதைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான் விஷயம். ஆட்களின் எண்ணிக்கையை n என்று வைத்தால்: 38n + 650 ≤ 2,500. இனி பின்னோக்கி நடக்க வேண்டும். கடைசியாகக் கூட்டியதை முதலில் கழித்தால் 1,850. அப்புறம் 38-ஆல் வகுத்தால் 48.68.

இங்கேதான் தம்பி 49 என்பான். பாதிக்கு மேல் போனால் மேலே ஏற்று என்று சொல்லிக் கொடுத்திருப்பார்களே! 49 பேருக்கு 2,512 ராண்ட் ஆகும். அந்த 12 ராண்டை யார் தருவது? விடை 48. சரி, அந்த 48 பேரையும் 15 பேர் ஏறும் டாக்ஸிகளில் கோயிலுக்கு அனுப்ப வேண்டும் என்றால்? 3.2 வரும். இப்போது 4 டாக்ஸி பிடிக்க வேண்டும். 3 பிடித்தால் மூன்று பேர் சாலையில் நிற்பார்கள். கதையைப் பார்த்துத்தான் விடையை மேலே ஏற்றுவதும் கீழே இறக்குவதும்.

இதையே 'சாப்பாட்டுச் செலவு போக 650-ஆவது மிஞ்ச வேண்டும்' என்று வினாத்தாளில் மாற்றிக் கேட்பார்கள்: 2,500 − 38n ≥ 650. −38n ≥ −1,850 என்று வந்தபின், மைனஸ் 38-ஆல் வகுக்கும்போது ≥ குறி ≤ என்று திரும்ப வேண்டும். மறந்தால் n ≥ 48.68 ஆகிவிடும், 500 பேரை அழைத்தாலும் காசு மிஞ்சும் என்கிற அதிசயம்! ஓர் எண்ணைப் போட்டுப் பார்த்தால் தப்பு அகப்பட்டுவிடும்.

பின்னோக்கிப் போகும்போது இன்னொரு பள்ளம், வாட் வரி. 2018 ஏப்ரலிலிருந்து 15 சதவீதம். அரிசி, பருப்புக்குக் கிடையாது. காகிதத் தட்டுக்கு உண்டு. தட்டு பில் வரியோடு 460 ராண்ட் என்றால், தம்பி அதில் 15 சதவீதத்தைக் கழித்து 391 என்பான். 391-க்கு 15 சதவீதம் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், 449.65தான் வரும். 1.15-ஆல் பெருக்கி ஏற்றிய விலையை 1.15-ஆல் வகுத்துத்தான் இறக்க முடியும்: 400 ராண்ட்.